விடுப்பின் 38ஆம் நாள் வேலை போனது, தாளில் கடைசி வேலை நாள் மார்ச் 11 என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

சம்பளப்பட்டியல்:

வணக்கம். மல்லாந்து படுத்துக்கொண்டு போனை முகத்துக்கு மேலே பிடித்தபடி தட்டுகிறேன். இரண்டு முறை மூக்கின் மேல் விழுந்துவிட்டது. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டில் இருக்கிறேன் என்று எழுதப்போவதில்லை. எங்கள் அலுவலகத்தில் இந்த மன்றத்துப் பதிவுகளைப் படிக்கிற தமிழர்கள் மூன்று பேராவது உண்டு, அதில் ஒருவர் மனிதவளப் பிரிவில்.

பதினோரு வருடமாக ஒரே நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவன் நான். யார் வேலையை விட்டுப் போனாலும் அவருடைய கடைசி செட்டில்மெண்ட் தாள் என் கையிலிருந்துதான் போகும். நோட்டீஸ் எத்தனை நாள், பாக்கி விடுப்பு எத்தனை, பிடித்தம் என்ன, எல்லாம் நான் போட்ட கணக்கு. அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டவர்களுக்கு என் பேனாவை நீட்டியிருக்கிறேன்.

இடுப்பில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கி இடது கால் மரத்துப்போனது. மார்ச் 12 அன்று ஆபரேஷன். அதற்கு முன்பே எட்டு வாரம், அதாவது மே 6 வரை, மருத்துவ விடுப்பு கேட்டு மேலாளரும் மனிதவளப் பிரிவும் ஒப்புதல் மெயில் அனுப்பிவிட்டார்கள். மார்ச் மாதச் சம்பளம் முழுதாக வந்தது.

ஏப்ரல் 18 மாலை மனிதவளத்திலிருந்து போன். "உடம்பு எப்படி இருக்கிறது?" என்று இரண்டு நிமிடம். அப்புறம், "பிரிவுகளைச் சேர்க்கிறோம், உங்கள் பதவி இனி இல்லை, பரஸ்பரமாகப் பிரிந்துவிடலாம், உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது" என்றார். போனை வைத்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் என் பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் வந்தது. "சொந்தக் காரணங்களுக்காக" என்று இருந்தது. பதினோரு வருடம் அங்கே வேலை பார்த்தவனின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

மறுநாள் மெயிலில் செட்டில்மெண்ட் தாள். அதில் கடைசி வேலை நாள் மார்ச் 11 என்று போட்டிருக்கிறார்கள். விலகல் காரணம்: தன்விருப்பம். நோட்டீஸ் பணம்: இல்லை. அதிகமாகக் கொடுத்த சம்பளம், 20 நாள்: பிடித்தம். அதாவது மார்ச் 12 முதல் 31 வரை கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறார்கள். கீழே, "எனக்கு வரவேண்டியது அனைத்தும் வந்துவிட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வழக்கமான வரி. அந்த வரியை டெம்ப்ளேட்டில் சேர்த்ததே நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றும் உடனே கிடைக்குமாம். இன்றைக்கு மூன்றாம் நாள்.

மருத்துவ விடுப்பில் இருக்கிற ஒருவரை இப்படி நீக்கலாமா? போராடினால் வேறு வேலை கிடைக்காமல் போகுமா? என் சிஸ்டம் லாகின் இன்னும் வேலை செய்கிறது. உள்ளே போய் வேறு யார் யாருக்கு இப்படித் தாள் தயாராகியிருக்கிறது என்று பார்த்து ஆதாரம் எடுத்துக்கொள்ளலாமா?

---

கருங்கல்:

மருத்துவ விடுப்பில் இருக்கும்போது எந்தக் கொம்பனாலும் கை வைக்க முடியாது. கோர்ட்டுக்கு இழுங்கள் சார். நஷ்டஈடு கோடியில் வரும்.

---

பழைய ஹெச்.ஆர்.:

முதலில் லாகின் விஷயம். உள்ளே போகாதீர்கள். இதைப் படிக்கும்போது உள்ளே இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். மற்றவர்களுடைய சம்பள விவரத்தை நீக்கப்பட்ட பிறகு திறந்து பார்த்தீர்கள் என்றால், இதுவரை காரணமே இல்லாமல் தவித்த நிறுவனத்துக்கு நீங்களே ஒரு காரணத்தைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள் என்பது பதிவாகும், இது உங்களுக்கே தெரியும். உங்களுக்கு வந்த கடிதம், உங்கள் சம்பளச் சீட்டு, உங்கள் விடுப்பு ஒப்புதல், உங்கள் வேலை ஒப்பந்தம், இவை உங்களுடையவை. இவற்றை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினேழு வருடம் மனிதவளத்தில் இருந்தவள். இப்போது அந்தப் பக்கம் இல்லை. நானும் அந்த மாதிரி ராஜினாமா டிராஃப்ட் அனுப்பியிருக்கிறேன். பெயரைச் சரியாக எழுதினேன் என்பதைத் தவிரப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அதனால் அந்தத் தாளை நான் எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

ராஜினாமா ஏன் கேட்கிறார்கள்? நீங்களாகப் போனால் நோட்டீஸ் பணம் தர வேண்டியதில்லை, பதவி ஒழிப்புக்கு உரிய இழப்பீடு இல்லை, ஏன் நீக்கினாய் என்று யாரும் கேட்கப்போவதும் இல்லை. வேலையில்லாக் காலத்துக்கு அரசு உதவித்தொகை இருக்கிற நாடாக இருந்தால், தானாக விட்டுப் போனவருக்கு அது கிடைக்காமலோ தள்ளியோ போகும். "பெயருக்கு நல்லது" என்பது யாருடைய பெயருக்கு என்று யோசியுங்கள்.

ஆனால் என் கண் நின்றது வேறு இடத்தில். ஆபரேஷன் மார்ச் 12. கடைசி வேலை நாள் மார்ச் 11. மருத்துவச் செலவை யார் கட்டினார்கள்? கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் என்றால், அந்தப் பாலிசி உங்களுக்கு எதுவரை என்று தாளில் எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். குரூப் பாலிசி பெரும்பாலும் வேலை முடிகிற அன்றோ அந்த மாதக் கடைசியிலோ முடிந்துவிடும். நீங்கள் மார்ச் 11 அன்றே வேலையை விட்டவர் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மறுநாள் காலை ஆபரேஷன் மேஜையில் படுத்தவர் பாலிசிக்கு வெளியே இருந்தவர் ஆகிறார்.

இருபது நாள் சம்பளத்தைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்படுகிறீர்கள். அது சில்லறை.

---

சம்பளப்பட்டியல்:

மேடம், இப்போதுதான் மறுபடியும் திறந்து பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில், லேப்டாப், அடையாள அட்டை ஒப்படைக்கிற பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது: "குழு மருத்துவக் காப்பீடு: 11 மார்ச் வரை."

மருத்துவமனைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து பணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அவர்கள் அனுமதி மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

இதே வரி வேறு ஒருவர் தாளில் இருந்திருந்தால் முதல் பார்வையிலேயே பிடித்திருப்பேன். சொந்தத் தாளில் பிடித்தம் என்ற இடத்தைத் தாண்டிக் கண் போகவில்லை.

கை கொஞ்சம் நடுங்குகிறது. அடுத்து என்ன செய்வது?

---

பழைய ஹெச்.ஆர்.:

தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, அதுவே பெரிய விஷயம்.

வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கடைசியாக அலுவலகம் வந்த நாளை ஒரு சின்னப் பையன் கடைசி வேலை நாள் என்று போட்டிருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். எதுவாக இருந்தாலும் உங்கள் பதில் ஒன்றுதான்.

இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். குறையெல்லாம் கொட்ட வேண்டாம், பத்து வரி போதும். நான் ராஜினாமா செய்யவில்லை, செய்கிற எண்ணமும் இல்லை. மே 6 வரை விடுப்புக்கு நீங்கள் ஒப்புதல் தந்த மெயில் இத்துடன் இருக்கிறது. பதவி ஒழிக்கப்பட்டதாக ஏப்ரல் 18 அன்று எனக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. அதற்கு முந்தைய எந்தத் தேதியையும் நான் ஏற்கவில்லை. மார்ச் மாதச் சம்பளச் சீட்டு 31 நாளுக்கும் நீங்கள் கொடுத்தது. நீக்கத்துக்கான காரணத்தையும் தேதியையும் எழுத்தில் தாருங்கள். காப்பீடு எந்தத் தேதி வரை என்பதையும் எழுத்தில் உறுதி செய்யுங்கள். அவ்வளவுதான்.

அந்தப் போன் பேச்சை, யார் பேசினார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை, நினைவு இருக்கும்போதே எழுதி உங்களுக்கு நீங்களே மெயில் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த டிராஃப்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அனுப்பியவர் அழிக்கலாம். அலுவலக மெயில் எந்த நிமிடமும் மூடப்படலாம், விடுப்பு ஒப்புதல் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

கருங்கல் சொன்னதை நம்பாதீர்கள். மருத்துவ விடுப்பு என்பது இரும்புக் கவசம் இல்லை. பிரிவையே மூடுகிற நிறுவனம், விடுப்பில் இருக்கிறவரையும் சேர்த்து நீக்குவதைப் பல நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. கேள்வி அதுவல்ல. அவர் விடுப்பில் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் நீக்கியிருப்பார்களா என்பதுதான் கேள்வி. உங்கள் பிரிவில் எத்தனை பேர், அதில் நீங்கள் மட்டும்தானா, உங்கள் வேலையை இப்போது யார் செய்கிறார், அதே வேலைக்கு வேறு பெயரில் விளம்பரம் வந்திருக்கிறதா, இதையெல்லாம் வெளியே கிடைக்கிற தகவலை வைத்தே பார்க்கலாம். சம்பளப் பட்டியல் போடுகிற பதவியே இல்லை என்கிறார்களே, அடுத்த மாதம் யார் சம்பளம் போடுவார்?

---

மேற்கில் இருப்பவள்:

அமெரிக்காவில் இருக்கிறேன். மேலே சொன்ன அந்தக் கேள்வியை இங்கே விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். 1993இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் 12 மாதத்தில் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு உண்டு, திரும்பி வரும்போது அதே வேலை அல்லது அதற்குச் சமமான வேலை. விடுப்பில் இருந்தவரை ஆட்குறைப்பில் நீக்கினால், விடுப்பில் போகாமல் இருந்தாலும் அவர் போயிருப்பார் என்பதை நிறுவனம்தான் காட்ட வேண்டும். ஆனால் எல்லாருக்கும் இல்லை. ஒரு வருடம் வேலை செய்திருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் 1,250 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், 75 மைல் சுற்றளவில் அந்த நிறுவனத்துக்கு 50 ஊழியர்கள் இருக்க வேண்டும். என் கணவர் வேலை பார்த்த இடத்தில் 43 பேர். கதை அங்கேயே முடிந்தது.

ஐந்து நாள் கெடு பற்றி ஒரு வார்த்தை. இங்கே 40 வயது தாண்டியவரிடம் வயதுப் பாகுபாட்டு உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கச் சொல்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டுமென்றால், யோசிக்க 21 நாள் கொடுத்தாக வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற 7 நாள். பலரைச் சேர்த்து நீக்கினால் 45 நாள். உங்கள் நாட்டில் இப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஐந்து நாள் என்பது அவர்கள் போட்ட கெடுவா, சட்டம் போட்ட கெடுவா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் முதலாவதுதான்.

---

குளிர்தேசத்தான்:

நான் ஜெர்மனி. சட்டம் போட்ட கெடு எப்படி இருக்கும் என்று நான் பட்டு அறிந்தவன்.

நோய் விடுப்பில் இருக்கும்போது நீக்கவே முடியாது என்று இங்கே உள்ளூர்க்காரர்களே நம்புகிறார்கள். முடியும். ஆனால் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ நீக்கினால் செல்லாது, பேனாவால் கையெழுத்துப் போட்ட காகிதம் கைக்கு வர வேண்டும். அது வந்ததிலிருந்து மூன்று வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் பதிய வேண்டும். தவறினால் எவ்வளவு அநியாயமான நீக்கமாக இருந்தாலும் செல்லும் என்றே கொள்ளப்படும்.

எனக்குச் சிறுநீரகப் பிரச்சினை. கடிதம் வந்தபோது மருத்துவமனையில் இருந்தேன். மனைவி உறையைப் பிரிக்காமல் மருந்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். படித்தேன். "முதலில் உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நானே சொன்னேன், நல்ல பிள்ளை மாதிரி. வழக்கறிஞரிடம் போனது 24ஆம் நாள். அவர் ஒன்றும் பேசாமல் மேஜை மேல் இருந்த நாட்காட்டியைத் திருப்பி, கடிதம் வந்த நாளில் விரலை வைத்து, ஒவ்வொரு வாரமாகக் கீழே இறக்கிக் காட்டினார். மூன்று வரி தாண்டி விரல் நின்றது. மருத்துவமனையில் இருந்தேன் என்றேன். படுத்திருந்தது மட்டும் போதாது, வேறு ஒருவர் மூலமாகக்கூட வழக்குப் பதிய முடியாத நிலையா என்று கேட்டார். நான் அந்த மூன்று வாரத்தில் நண்பர்களோடு தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தவன்.

தேறிய பிறகு பார்க்கலாம் என்று விடாதீர்கள். உங்கள் ஊரில் கெடு எத்தனை நாள் என்பதை முதலில் கேளுங்கள், நியாயம் யார் பக்கம் என்பதை அப்புறம் பேசலாம்.

---

கருங்கல்:

கோடி என்று சொன்னது ஒரு வேகத்தில். ஆனால் போராட வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

---

ஓய்வுபெற்ற சங்கத்தான்:

தம்பி, வயதானவன் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கு உலக அளவில் ஒரு பதில் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1982இல் கொண்டுவந்த 158ஆம் உடன்படிக்கை. அதன் 6ஆம் பிரிவு, நோய் அல்லது காயம் காரணமாகத் தற்காலிகமாக வேலைக்கு வராதது நீக்கத்துக்குத் தகுந்த காரணம் ஆகாது என்கிறது. தற்காலிகம் என்றால் எத்தனை நாள், மருத்துவச் சான்று எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. இந்தியா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே அதைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. ஆனால் சட்டத்தின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

நான் இந்தியாவில் ஓர் ஆலைத் தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்தேன். எங்களுக்கு இருந்த ஆயுதம் 1948ஆம் வருட இ.எஸ்.ஐ. சட்டத்தின், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின், 73ஆம் பிரிவு. நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கிற தொழிலாளியை அந்தக் காலத்தில் நீக்கவோ தண்டிக்கவோ கூடாது, கொடுத்த நீக்க நோட்டீஸும் செல்லாது. இ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது.

எங்கள் லேத் ஆபரேட்டர் ஒருவருக்குக் காசநோய். விடுப்பில் இருந்தார். சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று நிர்வாகம் பெயரை எடுத்துவிட்டது. 73ஐ வைத்து நாங்கள் சுலபமாக ஜெயித்துவிடுவோம் என்று கிளம்பினோம். பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தின் வக்கீல் மருத்துவச் சான்றுகளை வரிசையாக மேஜையில் பரப்பினார். ஒரு சான்று 14ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்தது 16இலிருந்து தொடங்குகிறது. "15ஆம் தேதி உங்கள் ஆள் எங்கே இருந்தார்?" என்று கேட்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சான்று தருகிற இ.எஸ்.ஐ. மருந்தகம் மூடியிருந்தது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக நாங்கள் ஏழு மாதம் அலைந்தோம். கடைசியில் அவர் வேலைக்குத் திரும்பினார், ஆனால் இடைக்காலச் சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்துத்தான்.

உங்கள் சான்றுகளை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தேதி ஒட்டுகிறதா பாருங்கள். இடைவெளி இருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல்லி, பரிசோதித்த பதிவை வைத்து நேர்மையாகச் சரிசெய்யுங்கள். நிறுவனத்துக்குச் சான்று போனதற்கு அத்தாட்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாங்கள் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டையைப் பணத்தை விடப் பத்திரமாக வைத்திருப்போம். இன்றைக்கு மெயில் போதும்.

இந்தியாவிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் நடைமுறைக்கு வந்துவிட்டன. நான் சொன்ன 73 என்ற எண்ணை வைத்துக்கொண்டு மனு எழுதாதீர்கள், இப்போதைய பிரிவைப் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. நீண்டகால நோயால் ஒருவர் வேலைக்கு வரவே முடியாது என்றானால் வேலையை முடித்துக்கொள்ளச் சட்டம் வழி வைத்திருக்கிறது, நாங்கள் அதை எதிர்த்துத் தோற்றிருக்கிறோம். உங்கள் விஷயம் அதுவல்ல. உங்களுக்குத் திரும்பும் தேதி இருக்கிறது: மே 7. அந்தத் தேதியை ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுங்கள்.

---

சம்பளப்பட்டியல்:

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி, தனித்தனியாக எழுத இடுப்பு விடவில்லை. உட்கார அனுமதி ஒரு தடவைக்கு இருபது நிமிடம்.

லாகினைத் தொடவில்லை. உண்மையைச் சொன்னால் கேள்வி போட்ட அன்று ஒரு தடவை போய் என் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன். வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளித்தார், குறித்துக்கொண்டார்.

மேடம் சொன்ன மெயிலை அப்படியே போட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பேசலாமா என்று போன் வந்தது. எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். பதினோரு வருடத்தில் அந்த மனிதரிடம் நான் முடியாது என்று சொன்ன முதல் தடவை.

அன்று மாலையே இரண்டாவது தாள் வந்தது. கடைசி வேலை நாள் ஏப்ரல் 18 ஆகிவிட்டது. 20 நாள் பிடித்தம் காணோம். "எழுத்துப் பிழை" என்று ஒரே வரி விளக்கம். விலகல் காரணம் மட்டும் தன்விருப்பம் என்றே இருந்தது. இன்சூரன்ஸ் வரியையே எடுத்துவிட்டார்கள். தேதியைத் திருத்தவில்லை, வரியைக் காணோம். நான் மறுபடியும் கேட்டேன்.

சங்கத்து ஐயா, சான்றுகளை அடுக்கிப் பார்த்தேன். மருத்துவமனைச் சான்று ஏப்ரல் 9 வரை, தொடர் சிகிச்சைச் சான்று ஏப்ரல் 10 முதல். ஒட்டுகிறது. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுகூட வரவில்லை. ஆனால் இரண்டாவது சான்றை நான் அலுவலகத்துக்கு அனுப்பவே இல்லை. ஒப்புதல்தான் இருக்கிறதே என்று விட்டிருக்கிறேன். அன்றைக்கே அனுப்பி, கிடைத்தது என்று பதில் வாங்கினேன்.

குளிர்தேசத்து நண்பருக்கு: இங்கே எனக்குள்ள கெடு உங்களுடையதை விட நீளம். ஆனால் அது ஓட ஆரம்பித்தது ஏப்ரல் 18இலா, எழுத்தில் கிடைக்கிற நாளிலா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறதாம். வழக்கறிஞர் முன்னதாக வருகிறதையே கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். படுக்கைக்கு எதிர்ச் சுவரில் தேதியை எழுதி ஒட்டிவிட்டேன்.

பதவி ஒழிப்பு பற்றி. எங்கள் பிரிவில் நான்கு பேர். போனது நான் மட்டும். என்னிடம் பயிற்சி எடுத்த பையன் போன வாரம் கூப்பிட்டான். உடம்பு விசாரிக்கத்தான். பேச்சுவாக்கில், "அண்ணா, ஏப்ரல் சம்பளம் நான்தான் போட்டேன், விடுப்புப் பிடித்தம் ஃபார்முலா வரவில்லை, எப்படிப் போடுவீர்கள்?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று தோன்றியது. அவனைச் சாட்சிக்கு இழுக்கப்போவதில்லை, அவனுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. வழக்கறிஞரிடம் சொன்னபோது, பெயர் வேண்டாம், அந்த வேலை இன்னும் நடக்கிறது என்பதற்கு அலுவலகமே சம்பளம் போட்டதுதான் சாட்சி என்றார்.

---

பழைய ஹெச்.ஆர்.:

வரியை எடுத்தது பதில் ஆகாது. காப்பீடு ஏப்ரல் 18 வரை இருந்தது, மார்ச் 12 சிகிச்சை அதற்குள் அடங்கும் என்று எழுத்தில் வரும்வரை வேறு எதையும் பேச வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நேராக எழுதிக் கேட்கலாம், உங்கள் பாலிசி எண் அட்டையில் இருக்கும்.

தன்விருப்பம் என்பதை மாற்ற மறுப்பார்கள். அதுதான் அவர்களுக்குக் காசு. அங்கேதான் பேரம் நடக்கும். திரும்ப வேலை வேண்டுமா, பணத்தோடு விலக வேண்டுமா என்பதை வழக்கறிஞர் கேட்பதற்குள் நீங்கள் முடிவு செய்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறவர்களைப் பார்த்து மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கு வருத்தப்படாதீர்கள்.

---

சம்பளப்பட்டியல்:

இன்று காலை மூன்றாவது தாள். காப்பீடு: ஏப்ரல் 30 வரை, மார்ச் 12 சிகிச்சை உட்பட என்று தனிக் கடிதமே வந்திருக்கிறது. விலகல் காரணம் என்ற இடம் காலியாக இருக்கிறது, எதையும் போடவில்லை. எங்கள் மென்பொருளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் தாள் அச்சாகாது. யாரோ உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

பெயர் இந்த முறை சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. திரும்ப வேலையா பணமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, மனைவி ஒன்று சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன், மறுநாள் இருவரும் மாற்றிச் சொல்கிறோம். வியாழக்கிழமை வழக்கறிஞரைப் பார்க்கிறேன். இருபது நிமிடம் ஆகிவிட்டது, படுக்கப்போகிறேன்.